மகள் வீட்டு அலமாரி

எங்கள் தெருவில் அவரைப் பூச்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுச் சாமான்களில், அதிலும் எம்.டி.எஃப். பலகையில் செய்தவற்றில் மட்டும்தான் கை வைப்பார். மரத்தை நாராக அரைத்து, பசை சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை அது. இன்றைக்குப் பாதி வீடுகளில் அலமாரி, டிவி மேசை, சமையலறைக் கதவு எல்லாம் அதுதான். பார்க்க வழவழவென்று இருக்கும். தண்ணீர் பட்டால் டீயில் நனைத்த ரொட்டி மாதிரி ஊதிவிடும். முனை இடிபட்டால் மரம்போலச் சிராய் பெயராது, பஞ்சுபோலப் பிரிந்துகொண்டு நிற்கும். "இதெல்லாம் சரியாகாதுங்க, தூக்கிப் போடுங்க" என்று தச்சர் கைவிரித்த பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

நான் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அவர் வாடிக்கை. பள்ளம் அடைக்கும் பட்டி, தேய்க்கும் உப்புத்தாள், தின்னர் எல்லாம் என்னிடம்தான். அவரோடு எனக்கு ஓயாத சண்டை நிறத்தில்தான் வரும். ஏதாவது ஒரு கதவின் உள்பக்கத்திலிருந்து நகக்கண் அளவு பூச்சைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். நான் கலந்து காட்டுவேன்.

"இது என்ன தம்பி, ஆஸ்பத்திரி வெள்ளையா இருக்கு? நான் கேட்டது குடித்தனம் நடத்தின வெள்ளை."

"குடித்தனம் நடத்தினா வெள்ளை என்னண்ணே ஆகும்?"

"கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் வெயில். ஒரு சொட்டு மஞ்சள் விடு. போதும், போதும், கையை எடு."

கடையில் இப்படி வாய் ஓயாமல் பேசுகிறவர், வேலை செய்யப் போகும் வீடுகளில் ஊமை. வந்த இடத்தில் கண்ணும் கையும்தான் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் வேலை முடித்து வீடு திரும்பினால், சாப்பிட உட்காரும்போது மனைவிக்கும் மகளுக்கும் அன்றைக்குப் பார்த்த அத்தனை பலகைகளின் கதையையும் சொல்வார். அடிபட்ட இடத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். இது நாற்காலி முதுகு உரசியது, இது பிள்ளை பொம்மைக் காரால் மோதியது, இது நாய் பிராண்டியது, இதை எலி கடித்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் கடித்தது அந்த வீட்டுச் சின்னப் பையன்தான், பல் வரிசை தெரிகிறது. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரே மகள். அவளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்லூரி முடித்து ஒரு கண்ணாடிக் கடையில், மூக்குக் கண்ணாடிக் கடையில், வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை. அதிர்ந்து பேசாதவன். நானே பார்த்திருக்கிறேன். மாமனாரோடு என் கடைக்கு ஒருமுறை வந்தபோது, அவர் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "வாங்க மாமா, நிழல்ல நில்லுங்க மாமா" என்று வார்த்தைக்கு வார்த்தை மாமாதான். அவன் போன பிறகு பூச்சுக்காரர் என்னிடம், "எப்படித் தம்பி?" என்று கண்ணாலேயே கேட்டார். "தங்கம்ணே" என்று நானும் சொன்னேன்.

ஊரின் அந்தக் கோடியில், ஐந்தாவது மாடியில் ஒரு வீடு எடுத்துக்கொண்டார்கள். படுக்கையறையில் மூன்று கதவு வைத்த வெள்ளை அலமாரி. ஒவ்வொரு கதவுக்கும் நான்கு ஓரமும் தடித்த சட்டம், நடுவில் மெல்லிய பலகை. கல்யாணமான முதல் வருடம் மழைத் தண்ணீர் ஜன்னல் வழியாக வழிந்து அந்த அலமாரியின் அடிப்பாகம் ஊதிவிட்டது. மருமகன் போன் செய்தான். இவர் போனார். ஊறிய பகுதியை உளியால் எடுத்து, மிச்சத்துக்கு நீர்த்த பசை ஊட்டிக் கெட்டிப்படுத்தி, பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, பூச்சு கொடுத்தார். மருமகன் பக்கத்திலேயே டார்ச் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்ததும், "எங்கே ஊதியிருந்துச்சுன்னு தொட்டுக் காட்டுங்க பாக்கலாம்" என்றார் இவர். எல்லா வீட்டிலும் கடைசியில் அவர் கேட்கும் கேள்வி. மருமகன் தடவித் தடவிப் பார்த்துத் தோற்றுப்போனான். அன்றைக்குக் கடைக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது முறை கூப்பிட்டது அதற்கு ஒரு வருடம் கழித்து. இதன் பிறகு நான் சொல்வதெல்லாம் அவர் பின்னாளில் என் கடையில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சொன்னது. சிலதை நான் கண்ணால் பார்த்தேன்.

நடுக் கதவின் மெல்லிய பலகை உள்ளே போயிருந்தது. "கட்டிலை நகர்த்துறப்ப முனை இடிச்சிடுச்சு மாமா" என்றான் மருமகன். இவர் கிட்டே போய்ப் பார்த்தார். கட்டில் முனை இடித்தால் பலகை முக்கோணமாகக் கிழியும். இது கிண்ணம்போலக் குழிந்திருந்தது. குழியின் மேல் விளிம்பில் நான்கு சின்னப் பள்ளங்கள் வரிசையாக. பல வீடுகளில் அவர் பார்த்ததுதான். அந்த மாதிரிக் குழிகளைப் பற்றி என்னிடம், "சாருக்குக் கோவம் கதவு மேல போலிருக்கு" என்று தமாஷாகச் சொல்லியும் இருக்கிறார். குழி அவருடைய தாடை உயரத்தில் இருந்தது. மகளும் அவரும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"கட்டில் இவ்வளவு உயரமா மாப்பிள்ளை?"

"தூக்கி நகர்த்தினோம் மாமா" என்று சொல்லி அவன் சிரித்தான்.

இவரும் சிரித்தார். "அந்தச் சிரிப்பை நான் சிரிச்சிருக்கக் கூடாது தம்பி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் சிரிப்புதான் முதலில் வந்தது. மனது ஒன்றைப் பார்த்துவிட்டது, வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

மகள் கட்டிலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக டீ போடுவாள், அடுப்படியிலிருந்து அம்மாவைப் பற்றி விசாரிப்பாள். அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. மருமகனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பால்கனிக்குப் போனான்.

"அப்பா" என்றாள் மகள்.

"என்ன பாப்பா?"

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா. ரெண்டு நாள்ல புதுசு மாதிரி ஆயிடும்."

அவர் குழியைச் சுற்றி உதிர்ந்த நாரை வெட்டி எடுத்தார். உள்பக்கம் ஒரு துண்டுப் பலகையை ஒட்டி முட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் பட்டி. அதற்கடுத்த நாள் பூச்சு. நிறத்துக்கு என்னிடம்தான் வந்தார். பழைய கலவைச் சீட்டை எடுத்துப் பார்த்து, "மறுபடியும் பொண்ணு வீட்டு வெள்ளையா? அங்க யாருண்ணே மல்யுத்தம் பழகுறது?" என்று கேட்டேன். அவர் மூடியை இறுக்கிக்கொண்டே சிரித்தார். நான் கேட்டது என்ன கேள்வி என்று இப்போது நினைத்தால் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இந்த முறை, எங்கே என்று தொட்டுக் காட்டுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவியிடம், "கட்டில் இடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்கு இல்லை. ஆனாலும் தனக்குத்தானே பல சமாதானம் சொல்லிக்கொண்டார். கோபம் யாருக்குத்தான் இல்லை, கதவில்தானே காட்டினான், புருஷன் பெண்டாட்டிக்குள் நாம் மூக்கை நுழைத்தால் இல்லாததும் பெரிதாகும், அவளே சொல்லாதபோது நாம் ஏன் கேட்க வேண்டும். ஒரு வாரம் போனது. மகள் போனில் சாதாரணமாகத்தான் பேசினாள். அவரும் சாதாரணமாகப் பேசினார்.

மூன்றாவது முறை ஏழு மாதம் கழித்து. இப்போது அதே கதவின் ஓரம். கதவு திறந்திருக்கும்போது ஏதோ மோதி ஓரம் நசுங்கியிருந்தது. "என் தலைதான் மாமா, குனிஞ்சு நிமிர்றப்ப இடிச்சிக்கிட்டேன்" என்றான் மருமகன், நெற்றியைத் தடவிக்கொண்டே. நெற்றியில் ஒன்றும் இல்லை. அவசர வேலை இருப்பதாகச் சொல்லி உடனே கிளம்பிவிட்டான்.

பூச்சுக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நசுங்கிய இடத்தைப் பார்த்தார். பிரிந்து நின்ற நாருக்குள் நீளமாக இரண்டு முடிகள் சிக்கியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. நீளத்தைப் பார்க்க விரும்பாமல் கையை உதறினார். இன்னொன்று பாதிக்கு மேல் பலகைக்குள் போயிருந்தது, வரவில்லை.

மகள் அறைக்குள் வந்து மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடியை விரித்து இடது பக்கம் முழுக்க மறைத்துவிட்டிருந்தாள். அவளுடைய இடது பக்கம்தான் இவர் நின்றிருந்தார்.

"பாப்பா" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"பாப்பா."

துணியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். தேய்ப்பு மிஷின் ஓடும் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான் கையிலிருந்த மிஷினைப் பார்த்தார். அதை இன்னும் போடவே இல்லை.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் என் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்த வாடிக்கையாளர்களைக் கை ஜாடையால் திருப்பி அனுப்பினேன்.

"கிட்ட போயி அவ முகத்தைத் திருப்பிப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும். நாலு எட்டு தூரம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? மிஷினைப் போட்டேன்."

வராத அந்த முடியைப் பிளேடால் பலகையோடு ஒட்ட வெட்டினார். அதன் மேல் பசை ஊட்டி, பட்டி வைத்தார். தேய்த்தார். ஓரம் எப்போதும் பூச்சை அதிகம் குடிக்கும் என்பதால் இரண்டு கை பிரைமர் கொடுத்தார். மகள் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "அப்பா, நீங்க ஒண்ணும் கேக்கலையே" என்றாள். அவர் அதை, தான் டீ கேட்காததைப் பற்றிச் சொல்வதுபோல எடுத்துக்கொண்டார். "டீ எல்லாம் வேண்டாம்மா, அம்மா தேடுவா" என்று படியிறங்கினார். அவள் கேட்டது அதுவல்ல என்று இரண்டாவது மாடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாடி ஏறவும் கால் வரவில்லை, இறங்கவும் வரவில்லை. கடைசியில் இறங்கினார்.

அடுத்த மாதம் ஒரு திங்கள்கிழமை காலை மகள் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தில் அடிக்க வந்தபோது விலகியதால் கதவில் விழுந்த குத்து. விலக முடியாமல் வாங்கிய மற்ற அடிகள். தலையைப் பிடித்துக் கதவு ஓரத்தில் மோதியது. டாக்டர் பார்த்து இடது காதில் இனிமேல் கேட்காது என்று சொன்னது. அவள் அழாமல் சொன்னாள். அம்மாதான் அடுப்பை அணைக்கக்கூட மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சுக்காரர் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். மனைவி வெளியே வந்து, "ஏங்க, நீங்க மூணு தடவை போயிருக்கீங்களே. உங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார்.

அடுப்படி வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்ன "இல்ல" அவளுக்குக் கேட்டது. அவள் அதை நம்பினாள். நம்பியதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

பத்து நாள் கழித்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. மருமகன் வீட்டில், ஒரு ஞாயிறு காலை. அந்தப் பக்கம் மருமகன், அவன் அம்மா, எல்லோரும் மதிக்கும் அவனுடைய பெரியப்பா. இந்தப் பக்கம் இவர்கள் மூன்று பேர். "நாலு வார்த்தை நிதானமாப் பேச ஒரு ஆள் வேணும், நீ வா தம்பி" என்று என்னையும் கூட்டிப்போனார். நான் என்ன பேசிக் கிழித்தேன். ஒரு ஓரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

மகள் நடந்ததைச் சொன்னாள். மருமகன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு, முடிந்ததும், "அவளுக்கு ஏதோ மனசு சரியில்லை பெரியப்பா. காதுல ரொம்ப நாளாவே தொந்தரவு இருந்துச்சு, நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்" என்றான். குரல் எங்கேயும் உயரவில்லை.

அவன் அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு வருஷமாக் குடும்பம் நடத்துறாங்க. இந்த வீட்டைச் சுத்திப் பாருங்க சம்பந்தி. ஒரு கீறல் இருக்கா? கையை ஓங்குறவன் வீடு இப்படியா இருக்கும்?"

"அந்த நடுக் கதவைப் பாருங்க" என்றாள் மகள். "அதைக் குத்தி உடைச்சாரு."

பெரியப்பா எழுந்து படுக்கையறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஜன்னல் திறந்திருந்தது. காலை வெளிச்சம் அலமாரி மேல் நன்றாக விழுந்திருந்தது. பெரியப்பா கதவைத் தடவினார், தட்டினார், திறந்து உள்ளே பார்த்தார். அங்கே முட்டுக் கொடுத்த பலகைகூடத் தெரியாதபடி பூச்சு. "இந்தக் கதவாம்மா?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மருமகன் சொன்னான்: "அடியில தண்ணி பட்டு ஊதினதுக்காக மாமா வந்தார். அதுக்கப்புறம் சின்னச் சின்ன இடி, அதுக்கும் மாமாதான் வந்தார். அவருக்குத் தெரியாததா? அவரையே கேளுங்க."

எல்லோரும் பூச்சுக்காரரைப் பார்த்தார்கள். மருமகனும் பார்த்தான். அவன் பார்வையில் பயமே இல்லை என்பதை நான் கவனித்தேன். இரண்டு தடவை வாயைத் திறக்காதவர் இப்போதும் திறக்க மாட்டார் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

அவர் என்னிடம், "தம்பி, வண்டியில என் பை இருக்கு, எடுத்துட்டு வா" என்றார்.

ஐந்து மாடி இறங்கி ஏறினேன். பையை அவரிடம் கொடுத்தேன். பையிலிருந்து சுரண்டியை எடுத்தார். கதவில் கையை வைத்து அளக்கவோ தேடவோ இல்லை. நேராக அந்த இடத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். வெள்ளைப் பூச்சு சுருள் சுருளாக விழுந்தது. அடியில் பிரைமர். அதையும் இழுத்தார். பழுப்புப் பலகைக்கு நடுவில், பட்டியின் சாம்பல் நிறத்தில், ஒரு பெரிய வட்டம் தெரிந்தது.

"இது கட்டில் இடிச்சதில்லை" என்றார் பெரியப்பாவிடம். "கட்டில் இடிச்சா மூலையாக் கிழியும். இது குத்து. வலது கை. மேல நாலு விரல் முட்டி பதிஞ்சிருந்துச்சு, இங்க, இங்க, இங்க, இங்க. இந்த விரல்ல மோதிரம் இருந்திருக்கு, அந்தப் பள்ளம் மட்டும் ஆழம்."

மருமகன் தன் கையைப் பின்னால் கொண்டுபோனான். யாரும் கையைக் காட்டச் சொல்லவில்லை, அவனே கொண்டுபோனான்.

பிறகு கதவைத் திறந்து ஓரத்துக்கு வந்தார். அங்கே சுரண்டி போதவில்லை. உளியை வைத்துப் பட்டியைச் சிறிது சிறிதாகப் பெயர்த்தார். பட்டி, அடியில் ஒட்டிய நாரோடு ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதைத் திருப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பெரியப்பா கிட்டே வந்து பார்த்தார். துண்டின் அடியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நீளமாக இல்லை, விரற்கடை அளவு. ஆனால் முடிதான்.

"இது என் பொண்ணு காது உயரம்" என்றார்.

பெரியப்பா நீண்ட நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி மகனைப் பார்த்து, "போதும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மருமகனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நம் பக்கம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் மருமகனைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் கையை வைத்தபடி மெல்லக் கேட்டாள்:

"அன்னைக்கே பாத்தீங்களா அப்பா?"

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"முடியைப் பாத்துட்டுத்தான் மூடினீங்களா?"

அம்மா, "வேண்டாம் பாப்பா, இப்ப வேண்டாம்" என்று அவள் தோளைப் பிடித்தாள். மகள் படியிறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பூச்சுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.

பிரிவதற்கு அந்தப் பக்கம் பிறகு தகராறு செய்யவில்லை. பெரியப்பாவே முன்னால் நின்று முடித்துக்கொடுத்தார். எல்லாக் கையெழுத்தும் முடிய ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் மகள் பெற்றவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவிடம் பேசாமல் இல்லை. சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, தபால் வந்திருக்கிறது, கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று வேண்டியதைப் பேசினாள். சாப்பிடும்போது தன் இடது காது அவர் பக்கம் வரும்படி உட்காருவாள். வேண்டுமென்றே செய்தாளா, அந்த இடம்தான் காலியாக இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சலும் இல்லை. சாப்பிட உட்கார்ந்து பலகைக் கதை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் நின்றுபோனது.

ஒரு நாள் மட்டும், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், அவர் அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றார்.

"நான் பயந்துட்டேன்மா" என்றார்.

"அவருக்கா?"

"இல்ல. வாயைத் திறந்தா உன் வாழ்க்கை கெட்டுடுமோன்னு."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றார் அவர். அவள் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பேசினாள்.

"ரெண்டாவது தடவை அவர் உங்களைக் கூப்பிட வேண்டாம்னுதான் சொன்னார். அலுவலகத்துக்குப் பக்கத்துல வேற ஆள் இருக்கான்னார். நான்தான் விடலை. எங்கப்பா மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க, அப்பாதான் வரணும்னு அடம்பிடிச்சேன். மூணாவது தடவையும் அப்படித்தான். எனக்கு வாயால சொல்ல முடியலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. ஆனா நீங்க வந்து பாத்தா போதும், உங்களுக்குத் தெரிஞ்சிடும், பலகையைப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிடுவீங்களே, நீங்களே என்னைக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பூசிட்டுப் போனதும், சரி, அப்பாவுக்கு நெஜமாவே தெரியலைபோலன்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சதுலதான் இத்தனை நாள் இருந்தேன்."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

இதை என்னிடம் சொன்ன அன்றைக்கு அவர் எதையும் வாங்காமல் போனார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? இரண்டாவது தடவை அந்த வெள்ளையை நானும்தான் சிரித்துக்கொண்டே கலந்து கொடுத்தேன். ஆனால் அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. என் பங்கு அவருடைய பங்கோடு சேராது. அதைச் சொல்லி அவரைத் தேற்றவும் முடியாது.

மகளுக்கு வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடைக் கிளையில் வேலை கிடைத்தது. போய்விட்டாள். அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாடிக்கையாளர் வலது பக்கம் உட்காரும்படி மேசையை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பூச்சுக்காரர் வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடித்துவிடும் என்றார். ஆனால் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. கிண்ணம்போலக் குழிந்த பலகையைப் பார்த்தால் பையைத் திறப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "இது எப்படி ஆச்சும்மா?" என்று கேட்கிறார். மூன்று வீடுகளில் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாளே சண்டைக்கு வந்தார்: "கதவைச் சரி பண்ண வந்தியா, வம்பு பேச வந்தியா?" ஒரே ஒரு வீட்டில், ஒரு பெண், "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை" என்றாளாம். அவளைத் தன் மனைவியிடம் கூட்டிவந்து விட்டார். பிறகு அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப்போனார். நல்லது செய்தீர்கள் அண்ணே என்றேன். "அது யாரோ பெத்த பொண்ணு தம்பி" என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை எண்ண ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அம்மாவுக்குப் போன் செய்வாள். மனைவி அவளிடம் சொல்லாமலே ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்துவிடுவாள். பூச்சுக்காரர் எதிரில் உட்கார்ந்து, கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூடப் போகாமல் கேட்டுக்கொண்டிருப்பார். முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம். அங்கே மழையா, வீட்டுக்காரம்மா எப்படி, தலைவலி இன்னும் வருகிறதா. அப்பாவைப் பற்றி அவளும் கேட்க மாட்டாள், அம்மாவும் எடுக்க மாட்டாள்.

பலகைத் தூள் பல வருடமாக உள்ளே போய் அவருக்கு இப்போது இருமல். போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, எவ்வளவு அடக்கியும் முடியாமல் பேச்சுக்கு நடுவில் இருமிவிட்டார். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்து இவர் எழுந்து உள்ளே போகப் பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து மகளின் குரல் வந்தது. "அப்பாவை டாக்டர்கிட்ட போய் நெஞ்சைக் காட்டச் சொல்லும்மா" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து வீட்டுக்காரம்மாவைப் பற்றித் தொடர்ந்தாள்.

திங்கள்கிழமை காலை நான் கடை திறக்கும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். வேலைப் பை இல்லை. டாக்டரிடம் போகும் வழியில் நின்றதாகச் சொன்னார். மகள் சொன்னதை வார்த்தை மாறாமல் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டேன்.